துறையின் கோப்பு யாருடைய பையில் இருக்கிறது?

வேலூரில் எந்தக் கல்லூரி வாசலில் நின்றாலும் எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். ஏப்ரல் பிறந்தால் அங்கே ஆய்வேடு கட்டும் பருவம். ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்து பதித்த ஏடுகள் மேசையில் அடுக்கியிருக்கும். பசை வாடையை மின்விசிறி கடை முழுக்கச் சுழற்றிக்கொண்டிருக்கும். கடைக்காரரின் கணினித் திரையில் மாணவர் பெயரிலும் பதிவெண்ணிலும் கோப்புறைகள் வரிசை கட்டி நிற்கும். பென்டிரைவைச் செருகி, கோப்பைத் தன் கணினிக்கு இழுத்துப் போட்டு, பிறகு அச்சிடுவது அவர் வழக்கம். அழிக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் எல்லாம் அங்கேயே தங்கிவிடுகின்றன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கடையில் நான் நின்றிருந்தபோது முதுகலை மாணவி ஒருத்தி மூச்சிரைக்க வந்தாள். பென்டிரைவைக் காட்பாடி பஸ்ஸில் தொலைத்துவிட்டாளாம். மறுநாள் வாய்மொழித் தேர்வு. போன வாரம் ஒரு படி அச்செடுத்த நினைவு வந்து ஓடி வந்திருக்கிறாள். கடைக்காரர் தேதியைக் கேட்டார், தேடினார், இரண்டே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். அவள் கண்ணில் நீர் தளும்பியது. துறைக் கணினியில் ஒரு படி இல்லையா என்று கேட்டேன். ஆய்வகக் கணினிகளை ஒவ்வொரு செமஸ்டருக்கும் துடைத்துப் புதிதாக நிறுவிவிடுவார்கள் என்றாள். அது உண்மைதான். ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன் நான். அந்தத் துடைப்பை என் கையாலேயே செய்திருக்கிறேன்.

ஒரு மாணவியின் இரண்டாண்டு உழைப்புக்கு எஞ்சியிருந்த ஒரே பிரதி, கல்லூரிக்கு வெளியே, எந்தப் பொறுப்பும் ஏற்காத ஒருவரின் கணினியில் இருந்தது. பல்கலைக்கழகச் சமூகத்துக்கென்று ஒரு பொதுக் கோப்புச் சேமிப்பகம் ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கடைதான்.

கல்லூரிக் கோப்புகள் இன்று பொதுவாக எங்கே வாழ்கின்றன என்று பார்ப்போம். வினாத்தாள் வரைவு ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கும். அக மதிப்பெண் பட்டியல் துறைத்தலைவரின் மடிக்கணினியில் இருக்கும். தர மதிப்பீட்டுக் குழு வருகைக்காகத் திரட்டிய ஐந்தாண்டுச் சான்றுகள், அந்த ஆண்டு ஒருங்கிணைப்பாளராக இருந்தவரின் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும். பாடக்குறிப்புகள் வாட்ஸ்அப் குழுவில் வந்து, நான்கு மாதம் கழித்துத் திறந்தால் "பதிவிறக்க இயலாது" என்று சொல்லும். அடுத்த குழு வருகிறபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து திரட்டுவார்கள். பழைய ஒருங்கிணைப்பாளர் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது வேறு ஊருக்கு மாறியிருப்பார். கௌரவ விரிவுரையாளராக இருந்தால் அடுத்த ஆண்டு பணி நீட்டிப்பே கிடைக்காமல் போயிருக்கும். அவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த டிஸ்க்கைக் கொஞ்சம் கொண்டுவர முடியுமா என்று கேட்பார்கள். இந்த அழைப்பை நான் செய்தும் இருக்கிறேன், எனக்கு வந்தும் இருக்கிறது.

பொதுச் சேமிப்பகம் என்பதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: கல்லூரி கொடுத்த ஒரே பயனர்பெயர், ஒரே கடவுச்சொல். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும், கைப்பேசியில் திறந்தாலும், அதே கோப்புறைகள் கண்முன் நிற்கும். ஆய்வகக் கணினியைத் துடைத்தாலும் ஒன்றும் போகாது, ஏனென்றால் கோப்பு அந்தக் கணினியில் இல்லை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதற்குப் பின்னால் ஒன்றையொன்று தாங்கும் பல வேலைகள் இருக்கின்றன. உள்ளே வருபவர் யார் என்று உறுதிசெய்ய வேண்டும். எந்தக் கோப்புறையில் அவருக்கு என்ன உரிமை என்று தீர்மானிக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் யாருடைய திருத்தமும் காணாமல் போகாமல் பார்க்க வேண்டும். நேற்று இருந்த நிலையை இன்று கேட்டாலும் தர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மக்கள் மறுபடி பென்டிரைவுக்கே போய்விடுவார்கள்.

இந்தச் சிக்கல்களுக்கு முதலில் முறையாக விடை தேடியவையும் பல்கலைக்கழகங்களே. 1982இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம், ஐபிஎம் நிறுவனத்துடன் சேர்ந்து 'ஆண்ட்ரூ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள கார்னகி, மெலன் இருவருக்குமே முதற்பெயர் ஆண்ட்ரூ. அந்தப் பெயர்தான் திட்டத்துக்கு வந்தது. வளாகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி, அத்தனை கணினிகளிலும் ஒரே கோப்பு அமைப்பு என்பது கனவு. ஐயாயிரம் கணினிகளுக்கு மேல் தாங்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அந்தக் கோப்பு அமைப்பை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் மகாதேவ் சத்தியநாராயணன், சென்னை ஐஐடியில் படித்துவிட்டு அங்கே சென்றவர். நம் பக்கத்து வகுப்பறைகளில் இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

அவர்கள் கண்ட வழியை ஒரு நூலகத்தை வைத்து விளக்கலாம். நூலகத்தில் ஒவ்வொரு பக்கம் புரட்டும்போதும் நூலகரிடம் போய் நின்றால் வரிசை வாசல்வரை நீளும். அதற்குப் பதிலாகப் புத்தகத்தையே முழுதாக உங்கள் மேசைக்குக் கொடுத்துவிட்டு, "வேறு யாராவது இதைத் திருத்தினால் நானே உங்களுக்குச் சொல்லி அனுப்புகிறேன், அதுவரை உங்கள் கையிலுள்ளதே சரியான பிரதி" என்று நூலகர் வாக்குக் கொடுத்தால் எப்படி? ஆண்ட்ரூவில் சர்வர் அதைத்தான் செய்தது. கோப்பை முழுமையாகப் பயனரின் கணினிக்கு அனுப்பியது, மாற்றம் நேர்ந்தால் மட்டும் தகவல் சொன்னது. சர்வரின் சுமை பெருமளவு குறைந்தது. இன்று நம் கைப்பேசியில் ஓடும் ஒத்திசைவுச் செயலிகளும் ஏறக்குறைய இதே அடிப்படையில் நடக்கின்றன. ஆண்ட்ரூவில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அதைப் பயன்படுத்திய வளாகங்களில் பயனரின் இல்லக் கோப்புறைக்குள் நேற்றைய நிலையை அப்படியே காட்டும் ஒரு கோப்புறை வைப்பது வழக்கமாக இருந்தது. தவறுதலாக அழித்தவர் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. அவரே உள்ளே போய் எடுத்துக்கொள்வார்.

பல ஆண்டுகள் கழித்து, பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த டுரூ ஹூஸ்டன் என்ற இளைஞர், பென்டிரைவை எடுத்துவர மறந்ததை உணர்ந்தார். அந்த எரிச்சலில் பஸ்ஸிலேயே எழுதத் தொடங்கியதுதான் 2007இல் டிராப்பாக்ஸ் நிறுவனமாக உருவெடுத்தது. காட்பாடி பஸ்ஸானாலும் பாஸ்டன் பஸ்ஸானாலும் மறதி ஒன்றுதான்.

ஆனால் டிராப்பாக்ஸும் கூகுள் டிரைவும் தனி மனிதருக்காகப் பிறந்தவை. கல்லூரிக்குத் தேவைப்படுவது அதிலிருந்து ஓர் அடிப்படையில் வேறுபடுகிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். தனி மனிதரின் சேமிப்பகத்தில் கோப்புக்கு உரிமையாளர் ஓர் ஆள். கல்லூரியின் சேமிப்பகத்தில் கோப்பு ஓர் இருக்கைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். வரலாற்றுத் துறையின் கோப்புறை வரலாற்றுத் துறையுடையது. இன்று துறைத்தலைவராக இருப்பவர் நாளை ஓய்வு பெற்றால் அவருடைய பெயரை எடுத்துவிட்டு அடுத்தவரின் பெயரைச் சேர்த்தால் போதும். கோப்பு நகர வேண்டியதில்லை. தனிநபர் கணக்கில் உருவாக்கிப் பிறருடன் பகிர்ந்த கோப்புறையில் இது நடக்காது. கணக்கை மூடினால் பகிர்வும் சேர்ந்து போய்விடும்.

இது நம் மண்ணுக்குப் புதிய சிந்தனை அல்ல. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவாலங்காட்டில் 1905இல் முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேட்டுத் தொகுதி ஒன்று கிடைத்தது. 31 செப்பேடுகள், ஒரே வளையத்தில் கோத்தவை, வளையத்தில் அரச முத்திரை. வளையத்தை அறுக்காமல் ஓர் ஏட்டை உருவவும் முடியாது, செருகவும் முடியாது. சோழர் ஆவணங்களைப் படித்தால் புரவுவரித் திணைக்களம் (நிலவரித் துறை), வரிப்பொத்தகம் (வரிப் பதிவேடு), முகவெட்டி என்று துறைப்பெயர்களும் பதவிப்பெயர்களும் வந்துகொண்டே இருக்கும். ஓலையை எழுதவும், கணக்கில் ஏற்றவும், சரிபார்க்கவும் தனித்தனி இருக்கைகள் இருந்தன. ஆட்கள் மாறினார்கள், பொத்தகம் திணைக்களத்தில் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இருந்த அந்தத் தெளிவு, துறைக் கோப்பு யாருடைய சொந்தக் கணக்கில் இருக்கிறது என்று தேடுகிற நமக்கு இன்று தேவைப்படுகிறது.

இருக்கைக்கு உரிமை கொடுப்பதை நடைமுறையில் குழுக்களை வைத்துச் செய்கிறார்கள். 'வேதியியல் ஆசிரியர்கள்', 'இரண்டாமாண்டு கணிதம்', 'தேர்வுக் குழு' என்று குழுக்களை உருவாக்கி, கோப்புறைக்குக் குழுவின் பெயரில் உரிமை தருவார்கள். அக மதிப்பெண் கோப்புறை என்றால், அந்தப் பாடத்தின் ஆசிரியர் எழுதலாம், துறைத்தலைவர் எல்லாவற்றையும் பார்க்கலாம், மாணவருக்கு அங்கே கதவே தெரியாது. பாடக்குறிப்புக் கோப்புறையில் மாணவர் படிக்கலாம், அழிக்க முடியாது. ஒப்படைப்புக் கோப்புறை இன்னும் நுட்பமானது: மாணவர் தன் கோப்பை உள்ளே போடலாம், மற்றவர் போட்டதைப் பார்க்க முடியாது. தபால் பெட்டி போல. இந்த மூன்று வகையையும் சரியாக அமைத்துவிட்டால் கல்லூரியின் அன்றாட வேலையில் பெரும்பகுதி அடங்கிவிடும் என்பது என் அனுபவம். இதற்கு மாறாக, "இணைப்பு வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்" என்ற தேர்வைச் சொடுக்கி, அந்த இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுவது எளிது. மாணவர்களின் மதிப்பெண்ணும் ஆதார் நகலும் சாதிச் சான்றிதழும் அப்படி ஊர் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். 2023இல் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. சட்டம் வராவிட்டாலும், ஒரு பெண் பிள்ளையின் தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் அறிமுகமில்லாதவர் கையில் கொடுப்பது தவறு என்று நமக்குத் தெரியாதா?

எவ்வளவு இடம் வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். பெரும்பாலோருக்குப் பத்து ஜிபி தாராளம். பாடக்குறிப்பு, ஒப்படைப்பு, ஆய்வேட்டு வரைவு எல்லாம் சேர்ந்தாலும் அதைத் தாண்டாது. பத்தாயிரம் பேருக்குப் பத்து ஜிபி என்றால் கணக்குப்படி நூறு டெராபைட். எல்லோரும் முழுதாக நிரப்ப மாட்டார்கள் என்பதால் வாங்கும் அளவு அதைவிடக் குறைவாகவே இருக்கலாம். சிக்கல் அந்தப் பத்தாயிரம் பேரில் இல்லை. பத்துப் பேரில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஆய்வாளர் ஒருவர் தெருக்கூத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா நடந்தால் பகலில் சொற்பொழிவு, இரவில் கூத்து, இறுதியில் படுகளம். வில்வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கதை. இரவு பத்து மணிக்குக் களரி கட்டினால் பொழுது விடிகிறவரை போகும். முக்காலியில் கேமராவை நிறுத்தி அவர் முழு இரவையும் பதிவு செய்தார். நொடிக்குப் பதினேழு மெகாபிட் என்ற சாதாரணத் தரத்தில் எட்டு மணி நேரம் பதிவு செய்தால் ஏறக்குறைய அறுபது ஜிபி வரும். பத்து இரவு, அறுநூறு ஜிபி. அவர் போன ஊர்களோ பல. மற்றொரு மாணவரின் மொத்த ஆய்வும் அவருடைய ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். 'ஆளுக்குப் பத்து ஜிபி' என்ற விதியை அவர் மேல் ஏவினால் சுமார் ஒன்றேகால் மணி நேரக் கூத்தோடு இடம் தீர்ந்துவிடும், கர்ணன் மேடைக்கே வந்திருக்க மாட்டான். ஆகவே ஆளுக்கு இவ்வளவு என்பதற்கு அப்பால், ஆய்வுத் திட்டத்துக்கென்று தனி இடம் ஒதுக்கும் வழி இருந்தாக வேண்டும். அப்படியொரு வழி இல்லாததால் அவர் சொந்தக் காசில் இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கினார்.

அந்தப் பதிவுகளைப் பொதுச் சேமிப்பகத்துக்கு ஏற்றுவதும் சும்மா நடக்காது. நொடிக்குப் பத்து மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் நான்கு ஜிபி கோப்பு ஒன்று ஏறச் சுமார் 53 நிமிடம் ஆகும். ஓர் இரவுக் கூத்து முழுவதும் ஏற 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதாவது ஆடியதைவிட ஏற்றுவதற்கு அதிக நேரம். வளாகத்துக்குள்ளேயே சர்வர் இருந்தால் உள் வலையமைப்பில் இது சில நிமிட வேலை. எல்லாவற்றையும் வெளி மேகக் கணினிக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்வோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழ்த்துறைக் கோப்புகளுக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. பொதுவாக இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லினக்ஸ் சர்வர்களில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், 'கொ' என்று எழுதினால் ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்து ஆறு. ஆகமொத்தம் 85 குறிகளோடு பெயர் முடிந்துவிடும். "வடஆர்க்காடு வட்டாரத் தெருக்கூத்து நிகழ்த்து மரபில் கட்டியங்காரன்" என்று ஆய்வுத் தலைப்பைத் தொடங்கி, அப்படியே கோப்புக்குப் பெயராக வைப்பது நம் வழக்கம். மாணவரின் விண்டோஸ் கணினி அதை ஏற்றுக்கொள்ளும், சர்வர் மறுத்துவிடும். ஏன் ஏறவில்லை என்று அந்த மாணவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். திரையில் ஒரு சிவப்புக் குறி மட்டும் வரும்.

இன்னொன்றும் உண்டு. 'கோ' என்ற எழுத்தின் உயிர்மெய்க் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. பழைய மேக் கணினிகள் பெயர்களைப் பிரித்து எழுதும் பழக்கம் உடையவை. விளைவாக, சேமிப்பகத்தில் 'கோயில் கல்வெட்டு' என்று இரண்டு கோப்புறைகள் அச்சு அசலாக ஒரே பெயரில் நிற்கும். ஒன்றில் பாதிக் கோப்பு, மற்றதில் மீதி. சேமிப்பகத்தை நிறுவுபவர் தமிழ்ப் பெயரில் ஒரு கோப்பை விண்டோஸிலிருந்தும் மேக்கிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் ஏற்றிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். அப்படிச் சோதித்துப் பார்ப்பவர் அரிது.

எழுத்துரு விஷயம் இன்னும் ஆழமானது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன்னும், பின்னர் பல ஆண்டுகளும், ஆய்வேடுகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களிலும் டாப், டாம் குறியீடுகளிலும் தட்டச்சானவை. அந்தக் கோப்புகளைப் பொதுச் சேமிப்பகத்தில் பத்திரமாக வைக்கலாம். தேடினால் கிடைக்காது. உள்ளே இருப்பது கணினியின் கண்ணுக்குத் தொடர்பற்ற ஆங்கில எழுத்துகள். பழைய கோப்புகளை ஏற்றும்போதே ஒருங்குறிக்கு மாற்றிய பிரதி ஒன்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும், மூலத்தை அழிக்காமல். இதைச் செய்யத் தமிழும் தெரிந்து கணினியும் தெரிந்த ஒரு மாணவர் குழு ஒரு கோடை விடுமுறை உட்கார்ந்தால் போதும்.

'எல்லாம் கூகுள் இலவசமாகத் தருகிறதே' என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு முன்வரை பலமாக இருந்தது. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லா இடம் என்று சொல்லியே அது பரவியது. 2021 பிப்ரவரியில் கூகுள் அந்தச் சலுகையை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனம் முழுவதுக்கும் சேர்த்து நூறு டெராபைட்தான். இருபதாயிரம் பேர் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆளுக்கு ஐந்து ஜிபி விழும். மைக்ரோசாஃப்டும் பிறகு அதே நூறு டெராபைட் வரம்புக்கு வந்தது. அந்த நிறுவனங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களுடைய சேவை நன்றாகவே நடக்கிறது, சிறு கல்லூரி ஒன்றுக்கு அதுவே போதுமானதாகவும் இருக்கலாம். ஆனால் இரவல் வீட்டில் குடியிருப்பவர் சாமான்களை எங்கே மாற்றுவது என்று ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு வந்தபோது உலகெங்கும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் முன்னாள் மாணவர்களின் கணக்குகளை மூட நேர்ந்தது.

சொந்தமாக நடத்துவதற்கு இன்று நல்ல கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. 2010இல் வெளிவந்த ஓன்கிளவுட், அதிலிருந்து 2016இல் பிரிந்த நெக்ஸ்ட்கிளவுட் ஆகிய இரண்டையும் கல்லூரியின் சொந்த சர்வரில் நிறுவலாம், உரிமக் கட்டணம் இல்லை. ஜெர்மனியின் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் பல பல்கலைக்கழகங்கள் கூடி, மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2015இல் 'ஸீபோ' என்ற பொதுச் சேமிப்பகத்தைத் தொடங்கின. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக சர்வர் வாங்காமல், மூன்று ஊர்களில் இயந்திரங்களை வைத்து எல்லோரும் பங்கிட்டுக்கொண்டார்கள். மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு முப்பது ஜிபி.

நம் ஊருக்குப் பொருந்துவது இந்த வழிதான் என்று நினைக்கிறேன். விஐடி, சிஎம்சி போன்றவை தங்கள் தேவையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியவை. மருத்துவமனையின் நோயாளி ஆவணம் தனி ரகம், அதை மாணவர் கோப்போடு கலக்கவே கூடாது. நான் நினைப்பது மற்றக் கல்லூரிகளை. 2002இல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் வளாகம் சேர்க்காட்டில் இருக்கிறது. அதன் இணைவுக் கல்லூரிகளோ வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பரந்து கிடக்கின்றன. 1898இல் தொடங்கிய ஊரிசுக் கல்லூரி, 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் தொடங்கிய திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி போன்ற பழைய நிறுவனங்களும் உண்டு, நேற்று திறந்த சிறு கல்லூரிகளும் உண்டு. கணினி நிர்வாகி என்று ஒரு பணியிடமே இல்லாத கல்லூரிகள் பல. அங்கே கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர் வகுப்பு முடிந்த நேரத்தில் சர்வரையும் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் இன்னொரு பெட்டியைக் கொடுப்பதைவிட, நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்து இரண்டு இடங்களில் இயந்திரம் வைத்து, முழுநேர நிர்வாகிகள் இருவரை அமர்த்துவது நல்லது. நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களை இணைக்க 2010இல் அரசு ஒப்புதல் அளித்த தேசிய அறிவு வலையமைப்பு போன்ற அதிவேகப் பாதையும் இத்தகைய கூட்டு முயற்சிக்குத்தான் பயன்பட வேண்டும்.

இரண்டு இடம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்துவிட்டு நகல் எடுக்காமல் இருப்பது, சிதறிக் கிடப்பதைவிட ஆபத்தானது. தென் கொரியாவின் தேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளை வைத்திருந்த பொதுச் சேமிப்பகம் முழுவதும் எரிந்தது. 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் வெளியில் நகல் வைக்கவில்லை என்று விளக்கம் வந்தது. சொந்தக் கணினியில் வைக்காதீர்கள், பொது இடத்தில் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டதை நம்பி நடந்தவர்களே அதில் அதிகம் இழந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பொது இடத்தில் வையுங்கள் என்று நானும் பலரிடம் சொல்லி வந்தவன்தானே.

நகல் எடுக்கும் வேலையே அழித்த கதையும் உண்டு. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், சூப்பர் கணினியின் பேக்கப் நிரலில் செய்த திருத்தம் தவறாகிப்போய், 14 ஆய்வுக் குழுக்களின் சுமார் 3.4 கோடிக் கோப்புகள், 77 டெராபைட், அழிந்தன. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் 1.3 டெராபைட் தரவை நாசகாரர்கள் பூட்டுப்போட்டு முடக்கினார்கள். இவற்றிலிருந்து நிர்வாகிகள் எடுத்துக்கொள்ளும் விதி பழையது, எளியது: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், அவற்றில் ஒன்று வேறு ஊரில். ஒரு சர்வருக்குள் இரண்டு டிஸ்க்கில் ஒரே கோப்பு எழுதப்படுவதைப் பேக்கப் என்று பலர் நம்புகிறார்கள். டிஸ்க் பழுதானால் அது காப்பாற்றும். யாராவது கோப்பை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து பத்துக் கோப்புகளை மீட்டெடுத்துத் திறந்து பார்க்காதவரை, பேக்கப் இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது.

வேலூரில் இன்னொரு பகை வெயில். மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. மாலையில் அலுவலகத்தைப் பூட்டும்போது மின்சாரம் வீணாகக் கூடாதென்று காவலர் சர்வர் அறையின் ஏசியையும் அணைத்துவிட்டுப் போவார். அவர் பொறுப்பானவர், அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் போய்க் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கும். அந்த அறையின் கதவில் "இந்த ஏசியை எப்போதும் அணைக்க வேண்டாம்" என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டியதுதான் நான் அங்கே செய்த வேலைகளில் மிகவும் பயன்பட்டது. தரைத்தளத்தில் சர்வர் வைப்பதையும் யோசிக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு எப்படிப் பெருகி ஓடியது என்பதைப் பார்த்தவர்கள் நாம்.

மிச்சமிருப்பது, படித்து முடித்து வெளியேறுபவரின் கோப்பு. மாணவர் சான்றிதழ் வாங்கும் முன் நிலுவையின்மைப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார். நூலகம், ஆய்வகம், விடுதி, விளையாட்டுத் துறை என்று ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்குகிறார். இருநூறு ரூபாய்ப் புத்தகம் ஒன்று திரும்பவில்லை என்றால் படிவம் நகராது. மூன்று ஆண்டு களப்பணித் தரவு எங்கே என்று கேட்கும் மேசை மட்டும் அதில் இல்லை. இன்னொரு வரி சேர்த்தால் போதும்: சொந்தக் கோப்புகளை எடுத்துக்கொண்டாரா, துறைக்குரியதைத் துறைக் கோப்புறையில் வைத்தாரா. கணக்கை மூட ஆறு மாதம் அவகாசம், அதற்குள் இரண்டு நினைவூட்டல். ஆசிரியர் ஓய்வு பெறும் நாளில் பீரோ சாவியும் இருப்புப் பதிவேடும் ஒப்படைக்கிற பட்டியலிலும் அதே வரி.

அந்தக் கூத்து ஆய்வாளர் பட்டம் வாங்கிவிட்டார். ஆய்வேட்டின் பிடிஎஃப் உரிய இடத்தில் பதிவேறிவிட்டது. அதை இன்று யாரும் படிக்கலாம். பதிவுகள் ஏறவில்லை, ஏற்ற ஓர் இடம் இல்லை. அவர் படம்பிடித்த வாத்தியார்களில் ஒருவர், கர்ணன் வேடம் கட்டியவர், போன ஆண்டு காலமானார். அவர் பாடிய கடைசி முழு இரவு, அந்த இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஒன்றில் இருக்கிறது. மற்றது ஒரு கோடையில் சுழல்வதை நிறுத்திவிட்டது. இருக்கிற ஒன்றை ஆய்வாளர் ஆரணியில் தன் வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே, துண்டில் சுற்றி வைத்திருக்கிறார். எந்தத் துறையின் பதிவேட்டிலும் அதற்கு ஓர் எண் இல்லை.